நானூறாவது கருத்து

வாசகர் கருத்து மன்றம் எப்படி இயங்குகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் நடப்பதற்கு யாரோ ஒரு கெட்டவர் காரணம் என்று நினைத்துவிடுவீர்கள். அப்படி யாரும் கிடையாது. மன்றத்தில் இருந்த அத்தனை பேரும் நல்லவர்கள்.

சாகச நாயகர்களின் படக்கதைப் புத்தகங்கள் வாராவாரம் வியாழக்கிழமை கடைக்கு வரும். மொத்தம் பன்னிரண்டு தொடர்கள். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று பதிப்பகத்துக்குத் தெரிய வேண்டும். வாசகர்களையே கேட்டுவிடலாமே என்று தொடங்கியதுதான் மன்றம். அச்சு இயந்திரம் புதன்கிழமை ஓடும். ஆகவே, கருத்து செவ்வாய்க்கிழமைக்குள் வந்தாக வேண்டும். அதாவது, புத்தகம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அதைப் பற்றிய கருத்து வந்துவிடும். இதில் ஒரு சௌகரியமும் இருந்தது. புத்தகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கொஞ்ச காலம் கழித்து இன்னொரு விதி சேர்ந்தது. உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து நாலு வாரம் ஒரே தொடரை நன்றாக இருக்கிறது என்று எழுதினார். சந்தேகப்பட்டு விசாரித்தார்கள். "படிச்சேன், நல்லா இருந்துச்சு" என்றார். வேறு காரணம் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று ஒப்புக்கொண்டார். படிப்பவர்களுக்குப் புத்தகத்தின் மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது, அது நடுநிலையைக் கெடுக்கிறது என்று மன்றம் கண்டுபிடித்தது அன்றுதான். அதிலிருந்து, ஒரு தொடரைப் படிக்கிற யாரும் புதிதாக அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடியாது. அந்த விதிக்கு முன்பே சேர்ந்த பழைய உறுப்பினர்களுக்கு மட்டும் விலக்கு.

மூன்றாவது விதிதான் இந்தக் கதைக்கு முக்கியம். ஓர் உறுப்பினர் ஒரு வாரம் கருத்துச் சீட்டு அனுப்பாவிட்டால், அவர் கடைசியாகச் சொன்ன கருத்தே அந்த வாரத்துக்கும் எடுத்துக்கொள்ளப்படும். பேசாதவர் மனம் மாறவில்லை என்று அர்த்தம். ஒரு தொடருக்கு நானூறு பேர் 'தொடரட்டும்' என்று சொல்லியிருந்தால் தொடரும். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றால் நின்றுவிடும்.

இனி ஆளுக்கு வருவோம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை பலகையில் இருக்கிற எழுத்துகளை மற்றவர்களைப் படிக்க வைப்பது அவருடைய வேலை. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் தானே வாய்விட்டுப் படிக்க ஆசை. வியாழக்கிழமை சாயங்காலம் சீக்கிரமே தட்டு வைத்துவிடுவார். லிஃப்ட்காரர் சாப்பிட, அவர் எதிரில் உட்கார்ந்து 'தூறல்' படிப்பார்.

தூறல் என்பவள் பன்னிரண்டு தொடர்களில் மிகச் சின்ன சக்தி உடையவள். பகலில் சலவைக் கடையில் துணி தேய்ப்பாள். தன் கை நீளத்துக்குள் மட்டும் மழை பெய்யச் செய்ய அவளால் முடியும். ஊரையெல்லாம் காப்பாற்ற முடியாது. அடுப்பில் பிடித்த தீயை அணைக்கலாம். அழுகிறவர் பக்கத்தில் போய் நின்று, அது அழுகை என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

மனைவி ஆளுக்கொரு குரலில் படிப்பார். திருடனுக்கு மூக்கால் ஒரு குரல். காவல் அதிகாரிக்கு அவர்கள் குடியிருப்பின் மேனேஜர் குரல். தூறலுக்கு மட்டும் தன்னுடைய சொந்தக் குரல், கொஞ்சம் நிதானமாக.

பதின்மூன்று வாரம் முன்பு, நாலே நாள் காய்ச்சலில் அவர் இறந்துபோனார்.

அடுத்த வியாழக்கிழமை கால்கள் பழக்கத்தில் கடைக்குப் போய்விட்டன. லிஃப்ட்காரர் புத்தகத்தை வாங்கி வந்து தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்தார். முதல் வசனப் பலூனில் தூறல் சொன்னாள்: "இஸ்திரி சூடாத்தான் இருக்கு, கிட்ட வராதே." அது அவருடைய மனைவியின் குரலில் கேட்டது.

இதை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இறந்தவர்களின் குரல் ஞாபகத்தில் கேட்பது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் ஞாபகத்தில் இருப்பவர்கள் பழையதையே திரும்பச் சொல்வார்கள். இது பழையது இல்லை. இந்த வாக்கியத்தை அவர் உயிரோடு இருந்தபோது சொன்னதே கிடையாது. லிஃப்ட்காரர் சோதித்துப் பார்த்தார். செய்தித்தாளை எதிரில் வைத்துப் படித்தார், ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் கையேட்டைப் படித்தார், கேட்கவில்லை. 'தூறல்' படித்தால் மட்டும் கேட்டது. வாரத்துக்கு இருபத்திநாலு பக்கம் அவர் மனைவி புதிதாக ஏதாவது பேசினார்.

இந்த விஷயத்தை அவர் ஒருவரிடம்தான் சொன்னார். மனைவியின் தங்கையிடம். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். அழுதுவிடுவாளோ என்று பயந்துகொண்டே சொன்னார். அவள் அழவில்லை. அதிலிருந்து வெள்ளிக்கிழமை காலை வேனைக் கிளப்புவதற்கு முன்னால் போன் பண்ணுவாள்.

"மாமா, அக்கா இந்த வாரம் என்ன சொன்னா?"

"ஒரு திருடனைப் பிடிச்சு வெச்சு நல்லா திட்டினா."

"திட்டுவா, திட்டுவா. அதுக்கெல்லாம் அவளுக்குச் சொல்லித் தரணுமா?"

மனைவி போன பிறகு வந்த பன்னிரண்டாவது வாரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு இருந்தது. 'தூறல்' தொடர்வது குறித்து வரும் செவ்வாய்க்கிழமை வாசகர் கருத்து மன்றக் கூட்டத்தில் முடிவு எடுக்கப்படும்.

"போய்ச் சொல்லுங்க மாமா" என்றாள் தங்கை. "வாயைத் தொறந்து சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்."

மன்றம் நாலாவது மாடியில் இருந்தது. வேலை முடிந்து நேராக வந்ததால் லிஃப்ட்காரர் வேலைச் சட்டையில், கருவிப் பையோடு இருந்தார். லிஃப்ட் ஓடவில்லை. படியேறி மேலே போனபோது மன்றச் செயலாளர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டீங்களா! ரெண்டு வருஷமா பாத்துட்டிருக்கோம்."

"நான் கருத்து சொல்ல வந்தேங்க."

"லிஃப்டைப் பத்தியா?"

"புத்தகத்தைப் பத்தி."

"அது மூணாவது ஜன்னல். மொதல்ல இதைப் பாத்துட்டு வந்துடுங்களேன்."

லிஃப்ட்காரர் பார்த்தார். லிஃப்டின் கதவு முழுதாக மூடினால்தான் ஒரு சின்னத் தகடு இன்னொரு தகட்டைத் தொடும். தொட்டால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். அந்தத் தகட்டில் தூசி. துடைத்தார், ஓடியது. பத்து நிமிட வேலை. அந்த லிஃப்டைப் பற்றி மன்றம் இரண்டு வருடத்தில் பதினாலு தீர்மானம் போட்டிருந்தது. ஒன்பது தீர்மானங்கள் அது முன்னைப் போல இல்லை என்றன. ஐந்து, அது முன்பும் சரியில்லை என்றன.

மூன்றாவது ஜன்னலில் 'தூறல்' தொடருக்கான படிவம் கொடுத்தார்கள். கருத்துகள் ஏற்கெனவே அச்சடிக்கப்பட்டிருந்தன, டிக் அடித்தால் போதும். 'முன்னைப் போல இல்லை.' 'அப்படியே இருக்கிறது, மாற்றமே இல்லை.' 'மாற்றிக் கெடுத்துவிட்டார்கள்.' 'நிறுத்தலாம்.' கடைசியில் 'தொடரட்டும்.' அதற்கு மட்டும் கீழே மூன்று கோடுகள், மூன்று காரணம் எழுதுவதற்கு. மற்றவற்றுக்குக் காரணம் தேவையில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி கேட்டார். "இந்தத் தொடரைப் படிக்கிறீங்களா?"

"ஆமாங்க. ஒரு வாரம்கூட விட்டதில்லை."

அவர் பரிதாபமாகப் பார்த்து, படிவத்தை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். "படிச்சவங்க கருத்து சொல்ல முடியாதுங்க. பார்வையாளரா உக்காருங்க. கடைசியில 'இதர விஷயங்கள்' வரும்போது ரெண்டு வார்த்தை பேசலாம்."

கூட்டம் தொடங்கியது. முதலில் மௌன அஞ்சலி. அந்த வாரப் புத்தகத்தில் இரும்புப் பிடரி என்ற நாயகன் இறக்கப்போகிறான். சாகச நாயகர்கள் இறந்தால் எட்டுப் பத்து வாரத்தில் திரும்பி வந்துவிடுவது வழக்கம். அஞ்சலி செலுத்திய மறு வாரமே ஆள் வந்து நின்று சங்கடமாகப் போனதுண்டு. அதனால் மன்றத்தின் இரங்கல் படிவத்தில் 'எந்த இதழில் இறந்தார்' என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'திரும்பி வரும் இதழ்' என்று ஒரு கட்டம் இருந்தது. எட்டு வாரத்துக்குள் வருபவருக்கு அரை நிமிடம் எழுந்து நிற்பார்கள். அதற்கு மேல் என்றால் ஒரு நிமிடம். இரும்புப் பிடரி ஆறு வாரத்தில் வருகிறான் என்பதால் அரை நிமிடத்தில் உட்கார்ந்தார்கள்.

அடுத்து, எல்லோரும் தொடர்ச்சி என்று கூப்பிடுகிற ஓர் ஒல்லி மனிதர் எழுந்தார். எழுபத்தோராவது இதழில் மின்கை என்ற நாயகனின் பெல்ட் கொக்கி இடப்பக்கம் இருந்ததாகவும், இப்போது வலப்பக்கம் இருப்பதாகவும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. நாலு பேர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

பிறகு தலைவர் பேசினார். நல்ல குரல்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தப் புத்தகங்களை நாம உயிருக்கு உயிரா நேசிக்கிறோம். அதனாலதான் நமக்கு ஒண்ணுகூடப் பிடிக்கலை. வெளியில இருக்கிறவன் என்ன பண்றான்? வாங்குறான், படிக்கிறான், சந்தோஷப்பட்டுட்டுத் தூங்கப் போயிடறான். அவனுக்கு என்ன பொறுப்பு இருக்கு? நான் கடைசியா ஒரு புத்தகத்தைப் பிரிச்சுப் பதினோரு வருஷமாச்சு. நேரம் எங்கே? கருத்து வேலையே சரியா இருக்கு. இந்தத் தியாகத்தை எந்த நாயகன் பண்ணியிருக்கான்?"

கை தட்டினார்கள். லிஃப்ட்காரரும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தார்.

அதன்பின் 'தூறல்' வந்தது. செயலாளர் சீட்டுக்கட்டை எடுத்து, இந்த வாரம் வந்தவை, முந்தைய வாரங்களிலிருந்து தொடர்பவை என்று தனித்தனியாக எண்ணினார்.

"தொடரட்டும்: நானூறு" என்றார் செயலாளர். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு, "சரியா நானூறு. 'தூறல்' தொடரும்."

அவ்வளவுதான். அந்த நிமிடம் லிஃப்ட்காரர் எழுந்து, தான் ஓடவைத்த லிஃப்டிலேயே இறங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் நன்றி சொல்லாமல் எந்த இடத்தைவிட்டும் போகாதவர். 'இதர' என்று சொன்னதும் கையைத் தூக்கினார்.

"ரொம்ப நன்றிங்க" என்றார். "உங்க எல்லாருக்கும். இது நின்னுடுமோன்னு பயந்துட்டு இருந்தேன். என் வீட்டுக்காரிதான் இதை எனக்குப் படிச்சுக் காட்டுவா. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு குரல்ல. இப்ப அவ இல்லைங்க. பதிமூணு வாரம் ஆச்சு. ஆனா நான் இதைப் படிச்சா அவ குரல் கேக்குது. புதுசு புதுசா பேசுறா. நீங்க நிறுத்தியிருந்தா... அதான். நல்லா இருங்க எல்லாரும்."

தொடர்ச்சி கண்ணைத் துடைத்தார். தலைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இரங்கல் படிவம் எடுங்க" என்றார்.

செயலாளர் பேனாவைத் திறந்தார். "எந்த இதழ்லங்க?"

"என்னது?"

"இறந்தது."

"ஆஸ்பத்திரியில."

செயலாளர் எழுதிக்கொண்டார். "திரும்பி வர்றது?"

லிஃப்ட்காரருக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்தவர் விளக்கினார். புரிந்ததும் சொன்னார், "வர மாட்டாங்க."

"எல்லாரும் முதல்ல அப்படித்தாங்க சொல்லுவாங்க" என்றார் செயலாளர் ஆறுதலாக. "மூணு தடவை இரும்புப் பிடரிக்கே அப்படித்தான் அறிவிச்சாங்க. கட்டத்தைக் காலியா விடக் கூடாது. 'பின்னர் அறிவிக்கப்படும்'னு போட்டுடறேன்."

ஒரு நிமிடம், முழு நிமிடம், எழுந்து நின்றார்கள். அந்த நிமிடம் முடிவதற்கு முன்பே செயலாளரின் முகம் மாறிவிட்டது. உட்கார்ந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா நம்ம மன்றத்துல உறுப்பினரா?"

"தெரியலைங்களே. வாராவாரம் ஒரு சீட்டு எழுதுவா. நான்தான் தபால் பெட்டியில போடுவேன். குறுக்கெழுத்துப் போட்டின்னு நெனச்சேன்."

செயலாளர் கட்டைப் பிரித்தார். தொடர்பவை என்ற பகுதியில், அடியிலிருந்து ஒரு சீட்டை உருவினார். இறந்த உறுப்பினரின் கருத்து ரத்தாகும். விதிப்படி, ரத்தாகும் கருத்தை ஒரு முறை முழுதாக வாசித்துவிட்டுத்தான் முத்திரை குத்த வேண்டும். அவர் வாசித்தார், மின்கட்டண அறிவிப்பை வாசிப்பது போல.

"தொடரட்டும். காரணம் ஒன்று: என் வீட்டுக்காரர் கேட்பார். காரணம் இரண்டு: கேட்டுக்கொண்டே சாப்பிட்டால் தட்டில் மிச்சம் வைக்க மாட்டார். காரணம் மூன்று: காவல் அதிகாரி வந்தால் சிரிப்பார், அவர் சிரிப்பது வாரத்துக்கு அந்த ஒரு தடவைதான்."

அவை மனைவியின் வார்த்தைகள். லிஃப்ட்காரர் இதுவரை கேட்டிராதவை. அவற்றை மனைவியின் குரலில் கேட்க முயன்றார். முடியவில்லை. செயலாளரின் குரல் முன்னால் வந்து நின்றுகொண்டது.

முத்திரை விழுந்தது.

"முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது" என்றார் செயலாளர். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

"ஐயா, நான் தெரியாம சொல்லிட்டேன்" என்றார் லிஃப்ட்காரர். "சொல்லலைன்னு வெச்சுக்கங்க."

"நடவடிக்கைக் குறிப்புல ஏறிடுச்சே."

"அப்ப எனக்கு ஒரு படிவம் குடுங்க. நான் எழுதித் தரேன். மூணு இல்ல, முப்பது காரணம் எழுதறேன்."

"நீங்க படிக்கிறவராச்சே" என்றார் தலைவர் மிகுந்த அன்போடு. "ஒரு வருஷம் படிக்காம இருங்க. அப்புறம் வந்து தொடரட்டும்னு சொல்லுங்க. நானே முன்மொழியறேன்."

தொடர்ச்சி துள்ளி எழுந்தார். "என் சீட்டை மாத்திக்குடுங்க! நான் நிறுத்தலாம்னு போட்டிருந்தேன். தொடரட்டும்னு மாத்தறேன்." கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு. படிவம் வந்தது. தொடர்ச்சி குனிந்தார். முதல் கோட்டில் பேனாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு தலையைத் தூக்கி லிஃப்ட்காரரைக் கேட்டார்.

"அதுல என்னங்க நடக்கும்?"

"சலவைக் கடையில..." என்று லிஃப்ட்காரர் தொடங்கினார்.

"படித்தவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது" என்றார் செயலாளர்.

தொடர்ச்சி மற்றவர்களைப் பார்த்தார். அறுபது பேர் இருந்தார்கள். மின்கையின் பெல்ட்டில் கொக்கி எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியும். தூறலுக்குப் பெல்ட்டே இல்லை என்பதும், அது ஒரு குறை என்பதும் தெரியும். ஆனால் அவள் என்ன செய்வாள், யாரிடம் என்ன பேசுவாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு மணி அடித்தது. செவ்வாய்க்கிழமைக் கருத்துகள் மூடப்பட்டன.

"அந்தச் சீட்டையாவது குடுங்க" என்றார் லிஃப்ட்காரர். "அவ கையெழுத்து அது."

"ஆவணங்க" என்றார் செயலாளர். "ரத்தானதைத்தான் ரொம்பப் பத்திரமா வெச்சிருப்போம்."

வியாழக்கிழமை 'தூறல்' கடைசி இதழ் வந்தது. தங்கை பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தாள். லிஃப்ட்காரரின் தட்டுக்கு எதிரே மனைவி உட்காரும் நாற்காலியில் அவள் உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டாள்.

லிஃப்ட்காரர் பிரித்தார். குரல் வந்தது. திருடன் மூக்கால் பேசினான். காவல் அதிகாரி வந்தார், மேனேஜர் குரலில் விரட்டினார். லிஃப்ட்காரர் சிரித்தார். சிரித்துவிட்டு, தட்டில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டார். தங்கை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படக்கதை எப்படித் தயாராகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். முதலில் ஒருவர் பென்சிலால் வரைவார். இன்னொருவர் அதன் மேல் மை போடுவார். வண்ணம் ஏறும். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக, வசனம் எழுதுபவர் வந்து பலூன்களுக்குள் எழுத்தை எழுதுவார். நிறுத்தப்பட்ட தொடர் என்று செவ்வாய்க்கிழமையே தகவல் போய்விட்டதால், அவரைப் புதன்கிழமை காலையிலேயே வேறு தொடருக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது இருபத்திமூன்று பக்கம் முடிந்திருந்தது.

இருபத்திநாலாவது பக்கத்தில் தூறல் சலவைக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் நேராகப் படிப்பவரைப் பார்த்திருந்தது. வாய் திறந்திருந்தது. அவள் வாயிலிருந்து ஆறு பலூன்கள் மேலே மேலே போயிருந்தன. ஆறும் வெள்ளையாக இருந்தன.

எதிர்ப்பக்கத்தில், பின் அட்டையின் உட்புறம், மன்றத்தின் கருத்து அச்சாகியிருந்தது. 'கடைசிப் பக்க வசனம் நெஞ்சை உருக்கியது.'

லிஃப்ட்காரர் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தட்டை நகர்த்திவிட்டு, புத்தகத்தை மேசையில் சமமாக வைத்து இரண்டு பக்கமும் விரலால் நீவிவிட்டார்.

தங்கையால் பொறுக்க முடியவில்லை. "என்ன மாமா? அக்கா என்ன சொல்றா?"

அவர் தலையைத் தூக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

"இரும்மா" என்றார். "பேசத்தான் வாயைத் தொறந்திருக்கா."